மொலேஃபியின் இஸ்திரிப் பெட்டி

“அதத் தொடாத! கைய எடு, கைய எடுன்றேன்!”

டிகெலெடி அத்தை போட்ட சத்தத்தில், ஸ்ட்ரெச்சரின் கால்மாட்டைப் பிடித்திருந்தவன் வெலவெலத்துப் போய் நின்றான். தென்னாப்பிரிக்காவின் செபோகெங்கில் எல்லா வீடுகளும் ஒரே அச்சில் கட்டியவை. சமையலறையிலிருந்து முன்னறைக்குத் திரும்பும் இடத்தில் ஒரு ஃபிரிட்ஜைக் கொண்டுபோவதே பெரும்பாடு, படுத்த மனிதரை எப்படித் திருப்புவது? தலைமாட்டுக்காரன் முன்னறைக்குப் போய்விட்டான். இவன் தடுமாறி, சமையல் மேடைமேல் ஒரு கையை ஊன்றப் பார்த்தான். ஊன்றப் பார்த்த இடத்தில், ரொட்டி டப்பாவை ஒட்டி, கறுப்பாக, வாயை இறுக மூடிக்கொண்டு, கறி சுடுகிற அந்த மின்கிரில் உட்கார்ந்திருந்தது.

“அதுல கரண்ட் இருக்கு. ஒருத்தன முழுங்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருக்கு பாரு” என்றாள் அத்தை.

அவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அந்த ஆட்டத்தில் போர்வைக்குள்ளிருந்து மொலேஃபியின் வலது கை நழுவி வெளியே தொங்கியது. பெருவிரல் நுனியிலும் ஆள்காட்டி விரல் நுனியிலும் வெள்ளையாக இரண்டு கொப்புளங்கள். மகள் மொசெலெ அப்பாவின் கையைத்தான் பார்த்தாள். அவருடைய அக்காவான அத்தை விரல்களைப் பார்த்தாள்.

“பாத்தீங்களா? விரலப் பாருங்க எல்லாரும்! ஆம்புலன்ஸ்ல வந்த பொண்ணு நெஞ்சுன்னு சொல்லிட்டுப் போயிட்டா. நெஞ்சு நின்னா விரலு வேகுமா?”

 மொசெலெயின் அம்மா பூலெங் ஃபிரிட்ஜ் ஓரமாக நின்றிருந்தாள். கிளினிக்கில் துப்புரவு வேலைக்குப் போட்டுக்கொள்ளும் நீலச் சட்டை. தோளில் கைப்பை. வந்து ஒரு மணி நேரமாகியும் அந்தப் பையை அவள் இறக்கி வைக்கவில்லை. தொங்கிய கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தவள் அவள்தான். வைத்துவிட்டுப் போர்வையை இரண்டு தரம் தட்டிக் கொடுத்தாள், குழந்தையைத் தூங்கப் போட்டுவிட்டு வருகிறவள் மாதிரி.

சவ வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. மொசெலெக்கு அழுகை வரவில்லை. வரவேண்டுமே என்று காத்திருந்தாள், அப்போதும் வரவில்லை. காதுக்குள் மட்டும் ‘ங்ங்’ என்று ஒரு சத்தம்.

அவள்தான் முதலில் பார்த்தவள். டாக்ஸி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் முடி பின்னுகிற கடையில் வேலை. பின்னுவதற்கான சவுரிக்கட்டை வீட்டிலேயே மறந்துவிட்டதால் மத்தியானத்துக்குமேல் எடுக்க வந்தாள். பின்கதவு திறந்திருந்தது. ரேடியோவில் யாரோ கால்பந்தைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்பா சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் ஒருக்களித்துத் தரையில் கிடந்தார். நாற்காலி சாய்ந்து கிடந்தது.

“அப்பா, கீழ என்ன தேடுறீங்க?” என்று கேட்டாள்.

பதில் இல்லை. இந்த மனுஷனுக்குக் காது வரவர மோசம் என்று நினைத்து, ரேடியோவை அணைத்துவிட்டு, இன்னொரு தரமும் கேட்டாள். அதே கேள்வியை. அதை நினைத்தால்தான் இப்போது அவளுக்குத் தாங்கவில்லை. செத்துக் கிடக்கிற அப்பனிடம் என்ன தேடுறீங்க என்று இரண்டு தரம் கேட்ட மகள் உலகத்தில் வேறு எவளாவது இருப்பாளா?

அதற்குப் பிறகு எதுவுமே நினைவில்லை. பக்கத்து வீட்டு ஷாட்ராக்கின் சோப்புக் கை தன் தோளைப் பிடித்து உலுக்கியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் கார் கழுவிக்கொண்டிருந்தவர் அவள் போட்ட சத்தத்தில் ஓடி வந்தாராம். தான் சத்தம் போட்டதே அவளுக்குத் தெரியாது.

அந்தக் கிரில்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இந்த வீட்டுக்கு வந்தது முதல் நடந்த ரகளையைச் சொல்லாவிட்டால், அத்தையின் கோபம் வெறும் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்.

மொலேஃபி இரும்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனால் தெருவில் அவருக்குப் பெயர் ஆலையால் வந்ததல்ல, கொல்லையில் நின்ற டிரம்மால். எண்ணெய் டிரம்மை நெடுக்காகப் பிளந்து, கால் வைத்து, மேலே கம்பி வலை போட்டது. ஞாயிற்றுக்கிழமை அதில் முள்மரக் கட்டைகள் எரியும். சுற்றி நான்கு ஆண்கள் நிற்பார்கள். சுடுவது மொலேஃபி, மற்ற மூவரும் யோசனை சொல்வார்கள். அந்த யோசனைகளை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. உப்பை உள்ளங்கையில் குவித்துத் தூவுவார், கோழிக்குத் தீனி போடுகிற மாதிரி.

போன வருஷம் கிளினிக்கில் டாக்டர் அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். கொழுப்பைக் குறை, உப்பைக் குறை, புகையில் நிற்காதே. மொலேஃபி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வரும் வழியிலேயே சாசேஜ் வாங்கினார்.  டிசம்பரில் பூலெங்கின் பெண்கள் சங்கத்தில் ஆளுக்கொரு வீட்டுச் சாமான் கொடுத்தபோது, மற்றவர்கள் போர்வையும் பாத்திரமும் கேட்க, இவள் மட்டும் மேடைமேல் வைக்கிற மின்கிரில்லைக் கேட்டு வாங்கி வந்தாள்.

“இது என்னது, இஸ்திரிப் பெட்டியா?” என்றார் மொலேஃபி, மூடியைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு.

“கறி சுடுறது. மேலயும் கீழயும் சூடாகும். சரிவா இருக்கு பாருங்க, கொழுப்பெல்லாம் வழிஞ்சு முன்னாடி இருக்கிற தட்டுல விழுந்துரும். உங்க நெஞ்சுக்கு நல்லது.”

“சட்டைக்கும் நல்லது. என் ஞாயித்துக்கிழமை சட்டைய இதுலயே தேச்சுக் குடு.”

அன்றிலிருந்து அதற்கு இஸ்திரிப் பெட்டி என்றே பெயர். அவர் அடுக்கிய குறைகளில் ஒன்றுகூடப் பொய்யில்லை, அதுதான் பூலெங்குக்கு எரிச்சல். இரண்டு துண்டு வைத்தால் நிறைந்துவிடும். மூன்றாமவர் மற்ற இருவர் வாயையும் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். வரிவரியாக இருக்கும் பள்ளங்களைப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால்தான் சுரண்ட முடியும். புகை வாசனை கிடையாது. மின்சாரம் போனால் கதவுக்கு முட்டுக் கொடுக்கத்தான் லாயக்கு.

“எல்லாம் சரி” என்பாள் பூலெங். “நான் வேலைக்குப் போயிட்டு வந்து கால் கடுக்க நிக்கிறப்போ, உங்க டிரம்ம மூட்டி, கட்டை கனலாகி, நீங்க வானத்தப் பாத்துப் பேசி முடிக்கிறவரைக்கும் யாரு காத்திருக்கிறது? இது நான் செருப்பக் கழட்டி வெக்கிறதுக்குள்ள வெந்துரும். அடுப்பு சாப்பிடுற கரண்ட்டுல பாதி கூட சாப்பிடாது. ஞாயித்துக்கிழமை உங்க டிரம், மத்த ஆறு நாளும் என் பெட்டி. அவ்வளவுதான்.”

அப்படித்தான் உடன்பாடு ஆயிற்று. ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவர் அவர், ஆகவே பெட்டியை இயக்குகிற வேலை அவர் தலையில் விழுந்தது. அங்கேதான் கூத்து. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வேகிற சாதனத்தை நொடிக்கொரு தரம் திறந்து, துண்டைத் திருப்பிப் போடுவார். அதுவும் இடுக்கி வேண்டாம், விரலால்.

“ரெண்டு பக்கமும் சுடுதுல்ல, அப்புறம் எதுக்குத் திருப்புறீங்க?” என்று மொசெலெ கேட்டிருக்கிறாள்.

“திருப்பாத கறிய எவன் தின்பான்? நான் பக்கத்துல நிக்கிறேன்னு அதுக்குத் தெரிய வேண்டாமா?”

திருப்பித் திருப்பி, துண்டின் மேல் சூட்டுக்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக வலை மாதிரி விழும். விரலில் கொப்புளம் வரும். ராத்திரி பூலெங் திட்டிக்கொண்டே வாஸ்லின் தடவிவிடுவாள். அந்தக் கொப்புளங்கள் ஒரு வருஷமாக அவர் விரலில் வந்து போய்க்கொண்டிருந்தன. அதைவிடப் பெரிய அக்கிரமம் கொழுப்புத் தட்டு. அவர் நெஞ்சைக் காப்பாற்ற அந்த இயந்திரம் பாடுபட்டுப் பிரித்தெடுத்த கொழுப்பை, சோளக்களியை உருண்டை பிடித்து, அந்தத் தட்டிலேயே தோய்த்து வழித்துத் தின்றுவிடுவார். பூலெங் வீட்டில் இருந்தால் முடியாது. அவள் வேலைக்குப் போன நாட்களில் தட்டு கழுவியதுபோலப் பளபளக்கும். “பூனை வந்துச்சு” என்பார். அவர்கள் வீட்டில் பூனையே கிடையாது.

உப்புச் சண்டை தனி. பூலெங்குக்கு ரத்தக் கொதிப்பு. ஞாயிற்றுக்கிழமை அவர் டிரம்மில் சுட்டுக் கொடுக்கிற துண்டை, விருந்தாளிகள் அத்தனை பேர் முன்னாலும் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவிவிட்டுத்தான் தின்பாள். அத்தை உட்பட எல்லாரும் சிரிப்பார்கள். மொலேஃபிக்கு மானம் போகும். “உப்பில்லாம சுடுறதுக்குப் பேரு சமையல் இல்ல, தண்டனை. என் கையால அது நடக்காது” என்பார். “ஒரே ஒரு துண்டு, எனக்குன்னு தனியா சுட்டா என்ன?” என்று அவள் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். கடைசியில் கேட்பதையே விட்டுவிட்டாள்.

இதெல்லாம் நேற்றுவரைக்கும் நடந்த கதை.

இப்போது முன்னறையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் சோபாவை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்கள். யாரோ டி.வி.யின் மேல் துணியைப் போர்த்தினார்கள். கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்கள். சாவு வீட்டில் எது எப்போது நடக்க வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாயங்கால ஜெபத்துக்கு ஊரே வரும். அதற்குள் படுக்கையறையைக் காலி செய்து, கட்டிலிலிருந்து மெத்தையை இறக்கித் தரையில் போட்டு, அதில் மனைவியை உட்காரவைக்க வேண்டும். அடக்கம் முடிகிற வரைக்கும் அவள் அதைவிட்டு எழுந்திருக்கக் கூடாது. மெத்தையைப் போட்டு அவள் கையைப் பிடித்து உட்காரவைக்க வேண்டியது செத்தவரின் அக்கா. அப்படி உட்காரவைத்தால்தான் அவள் இந்த வீட்டின் விதவை. உட்காரவைக்காவிட்டால்?

படுக்கையறையிலிருந்து கட்டிலை எடுத்தாயிற்று. மெத்தை சுவரில் சாய்ந்து நின்றது. அத்தை அதற்கு முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“போட மாட்டேன்.”

“அண்ணி...” என்றாள் பூலெங். வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் சொல் அதுதான்.

“என்னை அண்ணின்னு கூப்பிடாத. அந்த எழவுப் பெட்டிய இந்த வீட்டுக்குள்ள யாரு கொண்டாந்தா? நானா? எங்க அம்மா போனப்ப அவனுக்கு ஆறு வயசு. என் முதுகுலதான் தூக்கி வளத்தேன். ஆலையில உருகுற இரும்புக்குப் பக்கத்துல முப்பது வருசம் நின்னான், ஒண்ணும் ஆகல. உன் சமையக்கட்டுல செத்துட்டான்.” அத்தையின் குரல் உடைந்தது. உடைந்ததை மறைக்க இன்னும் சத்தம் போட்டாள். “ஊர்ல, க்வாக்வாவுல, பெரியண்ணன் போனுக்கு உக்காந்திருக்காரு. என்ன ஆச்சுன்னு கேப்பாரு. நான் என்ன சொல்லட்டும்? பொண்டாட்டி வாங்கின மெஷினு அடிச்சுப் போட்டுச்சுன்னு சொல்லட்டா?”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தையை முழுதாகக் குறை சொல்லவும் முடியாது. போன குளிர்காலத்தில் அவள் தெருவிலேயே, கம்பத்திலிருந்து திருட்டுத்தனமாக இழுத்த கம்பி காற்றில் அறுந்து விழுந்து ஓர் ஆள் போய்ச் சேர்ந்தார். அந்த உடலை அவள் கண்ணால் பார்த்தவள். அதிலிருந்து டீ போடக்கூட அவள் மின்சாரத்தைத் தொடுவதில்லை, பாரஃபின் அடுப்புதான்.

வாசலில் நின்ற ஷாட்ராக் தொண்டையைச் செருமினார். “அக்கா, நான் வந்தப்போ அவரு மேசைப்பக்கம்தான் கெடந்தாரு. கிரில்லு அந்த மூலையில இருக்கு.”

“கரண்ட் அடிச்சா தூக்கி எறியும்டா. உனக்கு என்ன தெரியும்?”

“நான் அந்தப் பெட்டிப்பக்கம் போகவே இல்ல. ஆம்புலன்ஸ்காரங்களும் போகல.”

“அப்ப அது இன்னும் ஓடிக்கிட்டுத்தான இருக்கணும்? யாரு அணைச்சது? இவதான் மொதல்ல பாத்தா.” அத்தை மொசெலெ பக்கம் திரும்பினாள். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. “நீ சொல்லு கண்ணு. பொய் சொல்லாத. நீ வந்தப்போ அது ஓடிக்கிட்டிருந்துச்சா? நீதான சுவிட்ச அணைச்ச?”

அறை முழுவதும் அவளைப் பார்த்தது. அம்மாவும் பார்த்தாள்.

ரேடியோவை அணைத்தது ஞாபகம் இருக்கிறது. அந்தத் திருகின் பிசுபிசுப்புகூட விரலில் இருக்கிறது. அதற்கப்புறம் கை எங்கே போயிற்று? ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் சுவரில் இருக்கிற அந்த சுவிட்சுக்குப் போயிற்றா? கண்ணை இறுக்கி மூடிப் பார்த்தாள். சாய்ந்த நாற்காலி. அப்பாவின் சாம்பல் நிறக் காலுறை, ஒன்றில் பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான், மேலே ஒன்றும் வரவில்லை. நான் தொடவே இல்லை, அது ஓடவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மா தப்பித்துவிடுவாள். வாய் வரை வந்துவிட்டது. ஆனால் ஓடியிருந்தால்? உண்மையிலேயே அதுதான் அப்பாவைக் கொன்றிருந்தால்?

“தெரியல அத்த. சத்தியமா தெரியல.”

“தெரியலையாம்” என்றாள் அத்தை, யாரிடம் என்றில்லாமல்.

மொசெலெ அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டாள். பெற்ற தாய்க்கு ஒரு வார்த்தை கொடுக்க முடியாத நாக்கு இருந்து என்ன பிரயோஜனம் என்று இருந்தது. அத்தை போனைத் தேடி மேல்சட்டைப் பையில் கைவிட்டாள்.

பூலெங் திரும்பிச் சமையலறைக்கு நடந்தாள்.

“எங்க போற? சமையக்கட்டுக்கு நீ இன்னிக்குப் போகக் கூடாது!”

“மெத்தையே போடலியே அண்ணி. மெத்தை போட்டவளுக்குத்தான அந்தச் சட்டம்” என்றாள் பூலெங். அதில் குத்தல் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

எல்லாரும் பின்னாலேயே போனார்கள். ஆனால் சமையலறை வாசலோடு நின்றுவிட்டார்கள். பூலெங் மேடையை நோக்கிப் போனாள். “அம்மா, வேண்டாம்மா!” என்று மொசெலெ ஓடிப்போய் அவள் சட்டையைப் பிடித்தாள். பூலெங் மகளின் கையை எடுத்துவிட்டு, ரொட்டி டப்பாவை நகர்த்தினாள்.

சுவரில் சுவிட்ச் அணைந்திருந்தது. பிளக்கும் பிடுங்கி, ஒயரைச் சுற்றி வைத்திருந்தது. மொலேஃபி எப்போதும் சுற்றுகிற விதத்தில், நுனியைக் கடைசிச் சுற்றுக்குள் செருகி.

மொசெலெ அதையே பார்த்தாள். தன் கை அந்த ஒயரை அப்படிச் சுற்றியிருக்காது. இது நன்றாகத் தெரிந்தது.

“யாராச்சும் அப்புறமா சுத்தி வெச்சிருக்கலாம்” என்றாள் அத்தை வாசலிலிருந்து. குரலில் முன்பிருந்த வேகம் இல்லை.

பூலெங் இரண்டு கைகளாலும் மூடியைப் பிடித்துத் தூக்கினாள். வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி “ஐயோ” என்றாள்.

உள்ளே ஒரே ஒரு ஆட்டுச் சாப்ஸ். எலும்போரமாகக் கொழுப்பை நறுக்கி எடுத்திருந்தது. பழுப்பாக, பக்குவமாக, குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் விழுந்து, ஆறிப்போய் இருந்தது. எங்கேயும் கருகவில்லை. மத்தியானத்திலிருந்து அந்தப் பெட்டி ஓடிக்கொண்டிருந்திருந்தால் அந்தத் துண்டு இந்நேரம் அடுப்புக்கரியாகியிருக்கும். அங்கே நின்ற அத்தனை பேரும் சமைக்கிறவர்கள். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

பூலெங் முன்னாலிருந்த கொழுப்புத் தட்டை இழுத்தாள். பளபளவென்று இருந்தது. ஓரத்தில் வெள்ளையாகச் சோளக்களி ஒரு துளி.

“பாத்தீங்களா அண்ணி” என்றாள். “வழிச்சு நக்கிட்டாரு. பூனை வந்துச்சாம்! திருட்டு மனுஷா... டாக்டர் சொன்னாரு, நான் சொன்னேன், கேட்டாரா? ஒருநாள் கேட்டாரா?” தட்டை மேடைமேல் ஓங்கி வைத்தாள். தகரம் அதிர்ந்தது. அவள் தோள்கள் குலுங்கின, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

மொசெலெ கழுவுதொட்டியைப் பார்த்தாள். மத்தியானத்திலிருந்து அது அங்கேதான் இருந்திருக்கிறது. அப்பாவின் தட்டு, தின்று முடித்த எலும்பு, களி ஒட்டிய கிண்ணம். தின்று முடித்துத் தட்டைத் தொட்டியில் போட்டிருக்கிறார். பிறகுதான் மேசைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார். மேசைமேல் இன்னொரு தட்டு கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு முள்கரண்டி. புதன்கிழமை பூலெங்குக்கு அரைநாள் வேலை, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவாள். இன்றைக்கு டாக்ஸிக்காரர்கள் ஏதோ தகராறில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். அவள் பாதி தூரம் நடந்தே வந்தாள்.

“எனக்கு வெச்சிருக்காரு” என்றாள் பூலெங். “சூடு ஆறக் கூடாதுன்னு உள்ளயே வெச்சு மூடியிருக்காரு.”

அவள் அந்தத் துண்டை எடுத்தாள். விரலால்தான். பழக்கம் விடாமல் கழுவுதொட்டிக்குக் கொண்டுபோய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் ஓடத் தொடங்கியது. துண்டைத் தண்ணீருக்கு நீட்டப் போனவள், என்ன தோன்றியதோ, ஒரு ஓரத்தைக் கடித்துப் பார்த்தாள்.

மென்றாள். மெல்வதை நிறுத்தினாள். மறுபடி மென்றாள்.

“உப்பில்ல” என்றாள்.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அதை மூட யாருக்கும் தோன்றவில்லை.

“என்னது?” என்றாள் அத்தை.

“உப்பில்ல அண்ணி. உப்பே போடல.”

அத்தை வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கொல்லையில் உட்கார்ந்து, குழாயடிக்கு ஓடுகிற தம்பி பெண்டாட்டியைப் பார்த்து எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள் அவள்தான். மேடைக்குப் பக்கத்தில் வந்ததும் ஒரு கணம் தயங்கினாள். அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு பூலெங்கின் கையிலிருந்த துண்டில் ஒரு நார் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

வெகுநேரம் மென்றாள். அவள் தாடை மட்டும் அசைந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் நேராகக் கீழே இறங்கியது, அதைத் துடைக்கவில்லை.

“ஒரு கல்லுகூடப் போடல, படுபாவி” என்றாள்.

அப்போது அவள் பையில் போன் அடித்தது. எடுத்தாள். “ஆமாண்ணே... ஆமா, கொண்டு போயிட்டாங்க.” அந்தப் பக்கத்தில் ஏதோ கேட்டார்கள். அத்தை பூலெங்கைப் பார்த்தாள், பிறகு கவிழ்ந்திருந்த தட்டைப் பார்த்தாள். “நெஞ்சுதாண்ணே. ஆம்புலன்ஸ் பொண்ணு சொன்னது சரிதான். சாப்பிட்டுட்டு, அவ வர்றதுக்காக உக்காந்திருந்திருக்கான். அப்படியே...” மேலே சொல்ல வராமல் போனை ஷாட்ராக்கின் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

படுக்கையறையில் ஏதோ உராயும் சத்தம் கேட்டது. மொசெலெ எட்டிப் பார்த்தாள். அத்தை தனியாளாக மெத்தையை இழுத்துக்கொண்டிருந்தாள். அது அவளைவிடப் பெரியது. உதவிக்கு வந்த பெண்களை முழங்கையால் தள்ளிவிட்டாள். நடு அறைக்கு இழுத்துப் போட்டு, மேலே விரிப்பை விரித்து, நான்கு மூலைகளையும் உள்ளே செருகினாள். ஒரு மூலை சரியாக வரவில்லை. எடுத்து மறுபடி செருகினாள்.

“வா” என்றாள், நிமிர்ந்து பார்க்காமலே. “கால் கடுக்க நிக்காத. வந்து உக்காரு.”

பூலெங் வந்தாள். அத்தை அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். மொசெலெ குனிந்து அம்மாவின் தோளிலிருந்து கைப்பையைக் கழற்றினாள், அம்மா தடுக்கவில்லை. மறுகையிலிருந்த துண்டை ஒரு பெண் வாங்கிக்கொள்ளப் பார்த்தாள். விதவை மெத்தையில் உட்கார்ந்து இறைச்சி தின்பதை யாரும் பார்த்ததில்லை.

“விடு, அவ சாப்பிடட்டும்” என்றாள் அத்தை.

வெளியே ஜெபத்துக்கு வந்தவர்கள் பாட ஆரம்பித்தார்கள். பூலெங் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, அந்த ஆறிப்போன துண்டை மெதுவாக, எலும்பு வரைக்கும் தின்றாள்.